பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு வந்த வெளிச்சம்

அத்தியாயம் 9

பாலாடைக்கட்டியின் நாற்றம் கார் முழுக்கப் பரவியிருந்தது. ஸோர்கா அதை ரொட்டியில் தடவி, மேலே வெங்காயத்தை அடுக்கி, ரசித்துத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் தாலிபோர் ஹனாக் தன் பங்கு ரொட்டியைக் காகிதத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, ஒண்ணு சாப்பிடுங்க. இல்லன்னா இங்க கொடுங்க. ரெண்டும் இல்லாம மடியில வச்சுத் தாலாட்டாதீங்க."

"எடுத்துக்க."

"மூணு நாளா இதையேதான் சொல்றீங்க. நான் ரெண்டு கிலோ ஏறிட்டேன். அந்த டென்மார்க்காரன் கடிதத்துல விஷம் கிஷம் தடவி அனுப்பிட்டானா?"

விஷம் இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு வந்த அந்தக் கடிதத்தில் நாலு வரிதான் இருந்தது. ஒளியை ஒவ்வொரு துகளாகப் பிரித்து அனுப்பும் ஒரு கருவியை டென்மார்க்கில் செய்து பார்த்திருக்கிறார்கள். அருமையாக வேலை செய்கிறது. 'இதை ஆறு வருடங்களுக்கு முன்பே ஒலொமோட்ஸ் நகரத்தில் பிளாங்கா ஸ்காட்ஸெலோவா செய்துவிட்டார். அவர் அளந்த எண்ணும் நாங்கள் அளந்த எண்ணும் ஒன்றே' என்று முடித்திருந்தார்கள்.

அந்த பிளாங்காவை ஆறு வருடங்களுக்கு முன்னால் பொய்க்காரி என்று எழுதிக் கொடுத்தவர் தாலிபோர்.

அப்போது அவர் போலீஸ் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எண்களை பிளாங்கா தானே இட்டுக்கட்டிவிட்டாள் என்று ஆய்வுக்கூடத்தில் புகார் கிளம்ப, வெளியாள் ஒருவர் விசாரிக்கட்டும் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் மறு அளவீடு வைத்தார். பிளாங்காவை வெளியே நிறுத்தினார். கதவுக்கு முத்திரை போட்டார். யாரும் எதையும் தொடக்கூடாது என்று நாலு மணி நேரம் தானே உள்ளே காவல் இருந்தார். எண் தப்பாக வந்தது. மூன்று பக்க அறிக்கை எழுதினார். பிளாங்காவுக்குப் பட்டமும் போயிற்று, வேலையும் போயிற்று. ஊரை விட்டே போய்விட்டாள்.

இப்போது புது இயக்குநர் மிலாதா கேட்கிறார்: அவள் செய்தது சரி என்றால், அந்த மறு அளவீட்டைக் கெடுத்தது யார்?

அவர் கேட்டு முடிக்கும் முன்பே தாலிபோர் ஒத்துக்கொண்டார். ஒரு கயவன் கிடைத்தால் போதும், நெஞ்சில் இருக்கும் பாரத்தில் பாதியை அவன் தலையில் இறக்கி வைத்துவிடலாம். மூன்று நாளாக அவர் தேடுவது அதைத்தான். இது ஸோர்காவுக்கும் தெரியும். அவருக்கு உதவியாளாகச் சேரும் முன் ஒன்பது வருடம் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் அவள். ஜன்னல் பக்கம் பார்க்கிறவனின் கழுத்தை வைத்தே அவனிடம் டிக்கெட் இல்லை என்று சொல்லிவிடுவாள்.

"வாங்க," என்று இறங்கினாள். "உங்க ஆளைப் பார்த்துடுவோம்."

*

அந்த ஆளின் பெயர் எவ்ஷென். பிளாங்கா போன மறு வாரமே அவளுடைய 114-ஆம் அறையும் கருவிகளும் இவருக்குக் கிடைத்தன. புகாரை எழுதியவரும் இவரே.

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு விருந்தாளிச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஸோர்காவின் காலுறையிலிருந்து கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"என்னைப் பிடிக்கத்தானே வந்திருக்கீங்க?" என்றார் எவ்ஷென். ஒல்லியான மனிதர். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கு எங்க இருந்தீங்க டாக்டர்?" தாலிபோர் கேட்டார். "மார்ச் பதினாலு. மறு அளவீடு நடந்த அன்னைக்கு."

"பர்னோவுல ஆஸ்பத்திரியில. பித்தப்பையில கல்."

"கல்லுக்குச் சாட்சி உண்டா?" என்றாள் ஸோர்கா.

எவ்ஷென் அலமாரியைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பட்டாணி அளவில் மூன்று கற்கள். பாட்டிலில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டியிருந்தது. அவருடைய பெயர், மார்ச் 14, காலை பதினொன்றரை.

"மறு அளவீடு ஆரம்பிச்சது பதினொண்ணே முக்கால்," என்றாள் ஸோர்கா. "தலைவரே, இவரு வயித்தைக் கிழிச்சுப் போட்டுட்டு அம்பது மைல் ஓடி வந்திருக்கணும். முடியாது. செருப்பைப் பாருங்க, ஓடுற ஆளோட செருப்பா இது?"

தாலிபோர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நாளாக மனதுக்குள் கட்டி வைத்திருந்த கோட்டை அந்தப் பட்டாணிகளில் இடறிச் சரிந்தது.

"அவளோட அறை எனக்குக் கிடைச்சது உண்மை," என்றார் எவ்ஷென். "சந்தோஷப்பட்டேன். அதுவும் உண்மைதான். ஆனா டென்மார்க் கடிதம் வந்ததுலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்ல. நீங்க அன்னைக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்டீங்க. மொத்த சராசரி. 0.93. அதைத்தான் கொடுத்தாங்க. முழுப் பதிவையும் யாரும் திறந்து பார்க்கல. நான் திறந்திருக்கலாம். திறக்கல. அந்த எண் எனக்குத் தோதா இருந்துச்சு."

"பதிவு இன்னும் இருக்கா?"

"ஒவ்வொரு சொடுக்கும் நேரத்தோட இருக்கு."

"சொடுக்குன்னா?" ஸோர்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க. நான் டிக்கெட் கிழிச்ச பொம்பள."

எவ்ஷென் ஒரு காகிதத்தில் சாய்வாகக் கோடு போட்டார். "இது பாதிக் கண்ணாடி. வர்ற வெளிச்சத்துல பாதியை விடும், பாதியைத் திருப்பும். ரெண்டு பக்கமும் 'எண்ணி'ன்னு துகளை எண்ணுற கருவி ஒவ்வொண்ணு இருக்கு. ஒரு ஒளித்துகள் வந்து விழுந்தா ஒரு சொடுக்கு. சாதாரண வெளிச்சத்துல துகள்கள் எப்பவும் ஒண்ணுக்கு மேல கலந்து வரும். அதனால அப்பப்ப ரெண்டு எண்ணியும் ஒரே சமயத்துல சொடுக்கும். ஆனா உங்க கருவி ஒரு தடவைக்கு ஒரே ஒரு துகள்தான் விடுதுன்னு வச்சுக்கங்க..."

"ஒரு டிக்கெட்ல ரெண்டு டிராம்ல ஏற முடியாது."

"அதேதான். இந்தப் பக்கம் போகணும், இல்ல அந்தப் பக்கம். ரெண்டும் சேர்ந்து சொடுக்கவே கூடாது. எவ்வளவு சேர்ந்து சொடுக்குதுங்கிறதுதான் நாங்க பார்க்கிற அளவு. ஒண்ணுன்னு வந்தா சாதாரண வெளிச்சம். பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகப் போக, பழைய விதிக்கெல்லாம் அடங்காத வெளிச்சம். பிளாங்கா 0.02-ன்னு சொன்னா. மறு அளவீட்டுல வந்தது 0.93."

"அதாவது கூட்டம் ஏறின டிராம்."

"ஆமா."

எவ்ஷென் பழைய பதிவைக் கணினியில் திறந்து, நாலு மணி நேரத்தையும் நிமிடம் நிமிடமாக வெட்டினார். திரையில் ஒரு கோடு வரைந்துகொண்டே போயிற்று. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

11:45-க்குக் கோடு அடியில் தொடங்கியது. 0.02. அப்படியே தரையோடு தரையாக ஊர்ந்தது. பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு முப்பது.

12:31-க்குச் சுவர் மாதிரி நிமிர்ந்து மேலே போயிற்று.

எவ்ஷென் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாப்பத்தாறு நிமிஷம்," என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "நாப்பத்தாறு நிமிஷம் அவ சொன்ன எண்ணே வந்திருக்கு. அப்புறம் எங்கேர்ந்தோ சாதா வெளிச்சம் உள்ள வந்து கலந்திருக்கு. பாருங்க, சொடுக்கு எண்ணிக்கையே மூணு மடங்கு ஆயிடுச்சு. இதைத் திறந்து பார்த்திருந்தா பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்லியிருப்பான்."

"இது என்ன பள்ளம்?" ஸோர்கா திரையில் விரலை வைத்தாள்.

மேலே ஓடிய கோட்டில் ஓரிடத்தில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு குழி. 1:05-க்குக் கோடு மறுபடி தரைக்கு இறங்கியிருந்தது. 1:09-க்கு ஏறியிருந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை மேலேயே.

"நாலு நிமிஷம் வெளிச்சம் இல்ல," என்றாள். "திருடன் ஒண்ணுக்குப் போயிருப்பான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற திருடன்."

எவ்ஷென் இன்னும் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "வந்த வெளிச்சம் சீரா இல்ல. நொடிக்கு நூறு தடவை கூடிக் குறையுது. நம்ம ஊர் மின்சாரத்துல எரியுற விளக்கு அப்படித்தான் சிமிட்டும், கண்ணுக்குத் தெரியாது. டார்ச் இல்ல, சூரியன் இல்ல. சுவர்ல இருக்கிற விளக்கு."

"அந்த அறையில எத்தனை விளக்கு?"

"உள்ள ஒண்ணுகூட வைக்க மாட்டோம். கறுப்புத் திரைக்கு இந்தப் பக்கம், கோட் மாட்டுற முன்னறையில மட்டும் ஒண்ணு இருக்கு. மஞ்சள் விளக்கு."

ஸோர்கா தாலிபோர் பக்கம் திரும்பினாள். "நீங்க உள்ளயே இருந்தீங்களே தலைவரே. முன்னறைக்கு எவனாவது வந்தானா?"

தாலிபோர் பித்தப்பைக் கல் பாட்டிலை மேசையில் அது முன்பு இருந்த இடத்திலேயே சரியாக வைத்தார்.

"கதவுக்கு வெளியே ஒரு டெக்னீஷியன் இருந்தார்," என்றார். "அலோயிஸ். அவரைக் கேட்கணும்."

*

அலோயிஸ் அடித்தளத்தில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் ஓய்வு. தாலிபோரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஹனாக் சார். எத்தனை வருஷம் ஆச்சு. காப்பி போடவா?"

"வேண்டாம் அலோயிஸ்."

"போடுங்க," என்றாள் ஸோர்கா. "அவருக்கு வேண்டாம், எனக்கு வேணும். அந்த மார்ச் பதினாலு ஞாபகம் இருக்கா? நீங்க கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தீங்களாமே."

"நாலு மணி நேரம். இந்த முதுகு அன்னைக்குத்தான் போச்சு."

"கதவைத் தாண்டி யாராவது உள்ள போனாங்களா?"

"முத்திரை போட்ட கதவும்மா. கடைசியில சாரே உள்ளேர்ந்து உடைக்கிற வரைக்கும் ஈ, காக்கா நுழையல."

"ஜன்னல்?"

"அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது."

ஸோர்கா முகத்தைச் சுளித்தாள். "பூட்டின கதவு, ஜன்னல் இல்லாத அறை, உள்ள தானா எரியுற விளக்கு. பேய்க்கதையா இது? ஒரு மணி அஞ்சுக்கு ஏதாவது நடந்துச்சா? யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்கவே வேண்டாம். எழுதி வச்சிருக்கேன்." அலோயிஸ் இழுப்பறையைக் குடைந்து ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்தார். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று வைத்திருந்தார் போலிருந்தது. எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினார். "நடுவுல ஒரு தடவை கேட்கணும்னு விதி. உள்ள இருக்கிற ஆள் மயக்கம் போட்டுடக் கூடாதில்ல. இதோ. '1:05. கதவைத் தட்டினேன். உள்ளே இருப்பவர் நலம். இருட்டு.'"

"தட்டினதும் விளக்கு அணைஞ்சிருக்கு," என்றாள் ஸோர்கா வேகமாக. "அப்ப அந்தத் திருடன் தட்டுற சத்தம் கேட்டு விளக்கை அணைச்சிருக்கான். வெளியே சத்தம் அடங்கிடுச்சான்னு காதைத் தீட்டிக்கிட்டு நாலு நிமிஷம் காத்திருந்திருக்கான். அப்புறம் மறுபடி போட்டிருக்கான். அப்ப அவன் உள்ளதான் இருந்திருக்கான். சரி, உள்ளேர்ந்து உங்களுக்குப் பதில் சொன்னது யாரு?"

"ஹனாக் சார்தான். வேற யாரு இருந்தா?" அலோயிஸ் சிரித்தார். "'எல்லாம் சரியா சார்'னு கேட்டேன். 'சாக்குக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு அலோயிஸ், அவ்வளவு இருட்டு'ன்னார். எனக்கு அது இன்னும் மறக்கல."

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

ஸோர்கா தாலிபோரின் கழுத்தைப் பார்த்தாள். அவர் கிடங்கின் மேலே இருந்த சின்னஞ்சிறு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டிருந்தார்.

"காப்பி வேண்டாம் அலோயிஸ்," என்றாள். "இன்னொரு நாள் வர்றோம்."

*

114-ஆம் அறைக்கு இருவரும் நடந்தார்கள். எவ்ஷென் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

முன்னறை ஓர் ஆள் நின்று திரும்பும் அளவுதான். கோட் மாட்டும் கொக்கிகள், ஒரு முக்காலி, அதற்கு மேலே மஞ்சள் விளக்கு. எதிரில் கறுப்புத் திரை, அதற்கு அப்பால் கருவி மேசை.

"நீ உள்ள போய் நில்லு," என்றார் தாலிபோர். "திரையை இழுத்து விடு."

ஸோர்கா போனாள். அவர் விளக்கைப் போட்டார். அந்த சுவிட்சை விரல் தேடவே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

"என்ன தெரியுது?"

"திரை தரையைத் தொடல," அவள் குரல் இருட்டுக்குள்ளிருந்து வந்தது. "அடியில ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வருது. இப்ப... மேசைக் காலெல்லாம் தெரியுது. கருவி இருக்கிற பெட்டியும் தெரியுது."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். ஸோர்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அந்தப் பொண்ணு என்கிட்டத் தனியா வந்து சொன்னா," என்றார். "கதவுக்கு முத்திரை போடுறதுக்கு முன்னாடி. 'தயவு செஞ்சு எந்த வெளிச்சமும் வேண்டாம், போன்கூட வேண்டாம், பெட்டிக்கு மூடி சரியா இல்ல, இருட்டை நம்பித்தான் வச்சிருக்கேன்'னு சொன்னா. நான் தலையாட்டினேன். முக்கால் மணி நேரம் ஒழுங்கா உட்கார்ந்தேன். அப்புறம் போரடிச்சுது."

"போரடிச்சுது," என்றாள் ஸோர்கா.

"கோட் பையில பேப்பர் இருந்துச்சு. அதுல செஸ் புதிர் வரும். கறுப்பு ராஜாவை மூணு நகர்த்தல்ல மடக்கணும். திரை இருக்கே, இந்தப் பக்கம் விளக்குப் போட்டா என்ன ஆகும்னு நினைச்சேன். நிஜமா அதுக்கு மேல யோசிக்கல. ஆனா அலோயிஸ் தட்டினதும் அணைச்சேன் பார், அப்ப தெரிஞ்சிருக்கு. செய்யக்கூடாததைச் செய்யுறேன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு. அறிக்கையில 'நாலு மணி நேரமும் இருட்டில் இருந்தேன்'னு எழுதினேன். அந்த வரி நல்லா இருந்துச்சு. ஒரு மாசத்துல அதை நானே நம்பிட்டேன்."

"புதிரை முடிச்சீங்களா?"

"ஞாபகம் இல்ல."

அவள் வழக்கமாக இந்த இடத்தில் எதையாவது சொல்வாள். அவர் அதற்காகக் காத்திருந்த மாதிரிகூட இருந்தது. அவள் குனிந்து தன் ஓட்டைக் காலுறையைச் செருப்புக்குள் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போனில் மிலாதாவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஹனாக், உங்க பேர் வெளியே வரணும்னு அவசியம் இல்ல," என்றார் மிலாதா. "'வெளி வெளிச்சம் கலந்துவிட்டது, அளவீடு செல்லாது'ன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க அது போதும். அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

காருக்குத் திரும்பியதும் அவர் ஒரு பக்கம் எழுதினார். மூன்று முறை அடித்துத் திருத்தி, ஸோர்காவிடம் கொடுத்தார். அவள் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். வண்டியைக் கிளப்பினாள்.

"எங்க போறோம்?" என்று கேட்டார்.

"லிதொவெல். பிளாங்காவோட விலாசத்தை முதல் நாளே எடுத்து வச்சுட்டேன். நீங்க கேட்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

*

லிதொவெல் சதுக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. உள்ளே இரண்டு பேர் காத்திருந்தார்கள். கல்லாவில் கடைக்கார அம்மாள். வெள்ளை மேலங்கியோடு பரிசோதனை அறையிலிருந்து வெளியே வந்த பெண் தாலிபோரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அதைத் தவிர அவள் அதிகம் மாறவில்லை.

"நேரம் வாங்கியிருக்கீங்களா?" என்றாள் பிளாங்கா.

"இல்ல."

அவள் கல்லாவைப் பார்த்தாள், காத்திருந்தவர்களைப் பார்த்தாள். "மூணு மணிக்கு வரவேண்டியவர் வரல. உள்ள வாங்க."

ஸோர்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பரிசோதனை அறை மங்கலாக இருந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வில்லைகள் செருகும் கனமான சட்டத்தை மூக்கில் மாட்டினாள். எதிர்ச் சுவரில் எழுத்துகள் ஒளிர்ந்தன.

"நான் சோதனைக்கு வரல," என்றார்.

"தெரியும். வெளியே அந்தம்மா பார்த்துக்கிட்டு இருக்காங்க. நான் வேலை பார்க்கிற மாதிரி இருக்கணும். கீழ்வரி படிங்க."

அவர் படித்தார். ஒரு எழுத்து தப்பினார். அவள் வில்லையை மாற்றினாள். "இது தெளிவா, இது தெளிவா?"

"முதல்ல வச்சது." பிறகு சொன்னார்: "அன்னைக்கு நான் விளக்குப் போட்டேன்."

வில்லையைப் பிடித்த கை காற்றில் நின்றது.

அவர் சொல்லிக்கொண்டே போனார். செஸ் புதிர், முக்காலி, திரைக்கு அடியில் இருந்த இடைவெளி, கதவைத் தட்டிய சத்தம், அலோயிஸிடம் சொன்ன பொய், அறிக்கையில் எழுதிய பொய். எதிரே எழுத்துகள் ஒளிர்ந்துகொண்டே இருந்தன. சட்டம் மூக்கை அழுத்தியது. கழற்றச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அவர் முடித்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"பன்னிரண்டு முப்பத்தொண்ணு."

"பதினொண்ணே முக்கால்லேர்ந்து அதுவரைக்கும்?"

"0.02. நாப்பத்தாறு நிமிஷமும்."

அவள் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"உங்களைத் திட்டிக்கிட்டே இருந்திருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்," என்றாள். "ஆனா நான் உங்களை நம்பிட்டேன். நேர்மையான போலீஸ்காரர், நாலு மணி நேரம் இருட்டுல உட்கார்ந்திருக்கார், அவருக்கு என்ன லாபம்? அப்ப தப்பு என்கிட்டதான் இருக்கணும். பழைய நோட்டை எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, எந்த இடத்துல என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்னு ரெண்டு வருஷம் தேடினேன்."

அவர் சட்டத்தின் வழியே சுவர் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடைக்கல. கிடைக்காததைப் பார்த்து, அப்ப நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமா ஏமாத்தியிருக்கேன்னு நினைச்சேன். அப்பா ஒருத்தர்தான் அதை நம்பல. 'உன் எண் சரி, அந்த ஆள் என்னமோ செஞ்சிருக்கான்'னு சொல்லிக்கிட்டே இருந்தார். அவரோட நான் சண்டை போட்டேன். ஒரு வருஷம் பேசாம இருந்தேன். உங்களுக்காக."

வெளியே மணி ஒலித்துக் கடைக்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. தாலிபோர் சட்டைப் பையிலிருந்து முழுப் பதிவு இருந்த பென் டிரைவை எடுத்து நீட்டினார். கூடவே மடித்த தாளையும். "இதை நாளைக்குக் கொடுக்கப் போறேன். உங்க பட்டம் திரும்ப வரும். அதுக்கு முன்னாடி நீங்க படிக்கணும்."

அவள் பென் டிரைவை மேலங்கிப் பையில் போட்டு, பையை வெளியிலிருந்து ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். தாளைச் சுவர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"'முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதனால் வெளி வெளிச்சம் கலந்தது. அளவீடு கெட்டது.'" நிமிர்ந்தாள். "யாரு போட்டது விளக்கை?"

"நான்தான்."

"இதுல இல்லையே. இதுல விளக்கு தானா எரியுது, வெளிச்சம் தானா கலக்குது, அளவீடு தானா கெடுது. ஆளே இல்ல." அவர் மூக்கிலிருந்து சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணாடி அளவுச் சீட்டு எழுதும் அட்டையையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தாள். மேசை விளக்கைப் போட்டு அவர் பக்கம் திருப்பினாள். "இப்ப என்கிட்டச் சொன்ன மாதிரி எழுதுங்க."

அவர் எழுதினார். 'விளக்கை நான் போட்டேன். அலோயிஸ் கதவைத் தட்டியதும் அணைத்தேன். இருட்டு என்று பொய் சொன்னேன். வெளியே சத்தம் அடங்கியதும் மறுபடி போட்டேன். அறிக்கையிலும் பொய் எழுதினேன். பிளாங்கா ஸ்காட்ஸெலோவாவின் எண் சரி.' ஆறு வரிகள். முப்பது வருடம் போலீசில் பிறருடைய வாக்குமூலங்களை எழுதியவருக்கு இந்த ஆறு வரி எழுதக் கால் மணி நேரம் பிடித்தது.

அவள் வாங்கிப் படித்தாள். மன்னிப்பைப் பற்றி அவள் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

"இது ஆய்வுக்கூடத்துக்கு," என்றாள். அடுத்த தாளை அட்டையில் செருகினாள். "இன்னொண்ணு எழுதுங்க. மேலே அப்பா பேரைப் போடுங்க, அவருக்குன்னு. யாரோமிர். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் கையில கொடுக்கணும்."

தாலிபோர் பேனாவைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார்.